5 மில்லி என்றால் எவ்வளவு மருந்து?

"காலையில 5 மில்லி, ராத்திரி 5 மில்லி, அஞ்சு நாளைக்குக் குடுங்க." குழந்தைக்கு ஆன்டிபயாடிக் எழுதி வாங்கி வரும் பெற்றோரில் பெரும்பாலானவர்கள் மனதில் வைத்துக்கொண்டு வீடு திரும்புவது இந்த ஒரு வரியைத்தான். ஆனால் டாக்டர் கணக்குப் போட்டது மில்லிகிராமில். குழந்தை எத்தனை கிலோ, கிலோவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம், அதை எத்தனை வேளையாகப் பிரிப்பது என்று பார்த்து, அப்புறம் ஒரு குறிப்பிட்ட வீரியமுள்ள சிரப்பை மனதில் வைத்துத்தான் அது 5 மில்லி ஆனது. கடையில் வேறு வீரியமுள்ள பாட்டில் கைக்கு வந்துவிட்டால் அந்த 5 மில்லிக்கு அர்த்தமே மாறிப்போகும்.

அமாக்சிசிலினை எடுத்துக்கொள்வோம், குழந்தைகளுக்கு அதிகம் எழுதப்படும் மருந்துகளில் அதுவும் ஒன்று. 10 கிலோ எடையுள்ள ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 40 மி.கி. கொடுக்க டாக்டர் முடிவு செய்கிறார் என்று வையுங்கள். மொத்தம் 400 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 200 மி.கி. இப்போது கடைக்குப் போவோம். 5 மில்லியில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 8 மில்லி கொடுக்க வேண்டும். 250 மி.கி. உள்ளது என்றால் 4 மில்லி. கிளாவுலானிக் அமிலம் என்ற துணை மருந்து சேர்ந்த, லேபிளில் 228.5 என்று போட்ட பாட்டில் என்றால் (அதில் அமாக்சிசிலின் 200, கிளாவுலானிக் அமிலம் 28.5) சரியாக 5 மில்லி. அதுவே 457 என்று போட்ட பாட்டில் என்றால் இரண்டரை மில்லி போதும். குழந்தை ஒன்று, அமாக்சிசிலின் அளவும் ஒன்று, ஆனால் அளவு மூடியில் நிற்கும் கோடு மட்டும் நாலு இடத்தில். (இது விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு. நோயைப் பொறுத்துக் கிலோவுக்கான அளவு மாறும், நிமோனியாவுக்கு இதைப்போல இரண்டு மடங்குகூடக் கொடுப்பார்கள், அதனால் இதை வைத்து யாரும் வீட்டில் கணக்குப் போட வேண்டாம்.)

228.5 எழுதிய சீட்டுக்கு 457 பாட்டில் கொடுக்கப்பட்டு, அம்மா 5 மில்லியே ஊற்றிக் கொடுத்தால் குழந்தைக்குப் போவது இரண்டு மடங்கு. அமாக்சிசிலின் கொஞ்சம் தாராளமான மருந்து, இரண்டு மடங்கு போனதாலேயே பெரும்பாலும் பெரிய ஆபத்து வந்துவிடாது. கூடவே இரண்டு மடங்கு போகும் கிளாவுலானிக் அமிலம்தான் வயிற்றைக் கலக்கி விடும். மாறாக, வீரியம் குறைந்த பாட்டில் வந்து அதே 5 மில்லி போனால் இன்னும் மோசம், ஏனென்றால் வெளியே எதுவும் தெரியாது, கிருமி பாட்டுக்கு இருக்கும், "மருந்து குடுத்தும் காய்ச்சல் விடலையே" என்று அடுத்த பெரிய ஆன்டிபயாடிக்குக்குத் தாவுவோம். பெயருக்குப் பின்னால் வரும் டிஎஸ், ஃபோர்ட், 50, 100, 200 எல்லாம் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது, வீரியத்தைச் சொல்வதே அந்த வால்தான்.

சொட்டு மருந்தில் இந்தக் குழப்பம் இன்னும் கூர்மையானது. கைக்குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 மி.கி. இருக்கும்போது இதில் ஒரு மில்லிக்கு 100. தம்பிக்கு வாங்கிய சொட்டு மருந்தை அக்காவின் சிரப் அளவில் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமாலிலும் இதே கதைதான், அங்கே விளைவு கல்லீரல் வரை போகும்.

ஆகவே மருந்துக்கடையை விட்டு இறங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சீட்டில் உள்ள வீரியமும் பாட்டிலில் உள்ள வீரியமும் ஒன்றா என்று பார்ப்பது. வேறு பிராண்ட் கொடுத்தால் தப்பில்லை, வீரியம் மாறக் கூடாது. "அதே மருந்துதான் மேடம், கம்பெனிதான் வேற" என்பார்கள், பல நேரம் அது உண்மையாகவே இருக்கும், இருந்தாலும் எண்ணைப் பார்த்துவிடுங்கள். டாக்டரிடமே "இது எத்தனை மில்லிகிராம் டாக்டர்?" என்று கேட்டு மில்லிக்குப் பக்கத்தில் எழுதி வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. குழந்தையின் எடையை அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள், போன தீபாவளிக்குப் பார்த்த எடையைச் சொல்லி வாங்கும் அளவு இன்றைய குழந்தைக்குப் போதாது.

சரி, பாட்டில் வீட்டுக்கு வந்தாயிற்று. உள்ளே இருப்பது தூள். பல நாடுகளில் மருந்தாளரே கடையில் தண்ணீர் அளந்து ஊற்றிக் கலக்கிக் கொடுப்பார், நம் ஊரில் பெரும்பாலும் அந்த வேலை நம் சமையலறையில்தான் நடக்கிறது. அதாவது மருந்தின் கடைசிக் கட்டத் தயாரிப்பு வீட்டில் நடக்கிறது, அதைச் செய்பவர் இரண்டு ராத்திரி தூங்காத ஓர் அம்மாவோ அப்பாவோ.

பாட்டிலில் ஒரு கோடு அல்லது வளையம் இருக்கும், சிலவற்றில் லேபிளில் அம்புக்குறி. முதலில் பாட்டிலைத் தட்டி அடியில் கட்டிப்போன தூளை உதிர்த்துக்கொள்ள வேண்டும். கொதிக்கவைத்து நன்றாக ஆறவைத்த தண்ணீர் வேண்டும், சூடு இருந்தால் மருந்து கெடும். (சில பெட்டிகளுக்குள் அளந்த தண்ணீரையே சின்னக் குப்பியில் வைத்திருப்பார்கள், அப்போது அதையே ஊற்றினால் போதும்.) பாதி அளவு ஊற்றி மூடி நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கும் வரை வைத்துவிட்டு, மீதியைக் கோடு வரை ஊற்றி மறுபடி குலுக்க வேண்டும். நடப்பதோ வேறு. தூள் மேலேயே கோடு வரை தண்ணீர் ஊற்றிக் குலுக்குவார்கள், தூளுக்கு இடையில் இருந்த காற்று வெளியேறியதும் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும், அதை அப்படியே விட்டுவிடுவார்கள். 30 மில்லி ஆக வேண்டியது 24 மில்லிதான் ஆகியிருக்கிறது என்று வைத்தால், அந்த 228.5 பாட்டிலில் 5 மில்லிக்கு 200 மி.கி. அமாக்சிசிலின் இருக்க வேண்டிய இடத்தில் 250 இருக்கும், தவிர ஒரு வேளைக்கு மேல் மருந்து முன்னதாகவே தீர்ந்தும் போகும். கோட்டைத் தாண்டி 36 மில்லி ஆக்கிவிட்டால் 5 மில்லியில் 167தான். இன்னும் சிலர் தூளை அப்படியே வைத்துக்கொண்டு வேளைக்கு ஒரு ஸ்பூன் தூள், கொஞ்சம் தண்ணீர் என்று கலக்கிக் கொடுப்பதுண்டு, அதில் குழந்தைக்கு எவ்வளவு போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

கலக்கிய தேதியை லேபிளிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு வேளையும் கொடுக்கும் முன் குலுக்க வேண்டும், இதை எல்லாரும் சொல்வார்கள், காரணத்தைத்தான் சொல்ல மாட்டார்கள்: மருந்து தண்ணீரில் கரைந்திருக்கவில்லை, மிதந்துகொண்டிருக்கிறது. குலுக்காமல் ஊற்றினால் முதல் இரண்டு நாள் நீர்த்த மருந்தும் கடைசி நாள் அடியில் தங்கிய கெட்டி மருந்தும் போகும்.

அளப்பதற்குச் சமையலறை ஸ்பூன் வேண்டாம். ஒரே வீட்டிலேயே இரண்டு டீஸ்பூன் ஒரே அளவு பிடிக்காது. பாட்டிலோடு வரும் அளவு மூடி 5, 10 மில்லிக்குப் பரவாயில்லை, சமதளத்தில் வைத்துக் கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும், கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் கோடு சாயும். இரண்டரை, மூன்று மில்லி போன்ற சின்ன அளவுகளுக்கு மூடியை நம்புவதைவிட ஊசி இல்லாத சிரிஞ்சுதான் சரி, கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். என்னைக் கேட்டால் குழந்தைகளுக்கான சிரப் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் அந்த சிரிஞ்சைச் சேர்த்தே வைக்கச் சொல்லிச் சட்டம் போடலாம்.

அப்புறம் கொடுக்கும் விதம். குழந்தையைக் காலில் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து, பாலாடையில் ஒரேயடியாக ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மூச்சுக்காக வாயைத் திறக்கும் அதே நொடியில் மருந்து உள்ளே போனால் அது நுரையீரலுக்குப் போகவும் வாய்ப்பு இருக்கிறது. தலையைத் தூக்கி, மடியில் உட்காரவைத்தாற்போல் பிடித்துக்கொண்டு, சிரிஞ்சின் முனையைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் குழந்தை விழுங்கிவிடும். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சக் கூடாது. அழுது அலறிக்கொண்டிருக்கும்போது ஊற்றுவதைவிட இரண்டு நிமிடம் பொறுப்பது மேல். பால் புட்டியில் முழுப் பாலோடு கலந்துவிடுவதும் சரியல்ல, பாதிப் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனால் பாதி மருந்து புட்டியில் நிற்கும். ஒரு வயதுக்குக் கீழே தேனில் குழைத்துக் கொடுப்பது எந்த மருந்துக்குமே கூடாது, தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியாவின் வித்து அந்த வயதுக் குடலில் முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைக் கொண்டுவரலாம்.

கக்கிவிட்டால்? பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு அரை மணி நேரம். கொடுத்து 30 நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை மறுபடி கொடுக்கலாம், அதற்கு மேல் ஆகிவிட்டால் அடுத்த வேளைக்குக் காத்திருக்கலாம். இரண்டாவது தடவையும் வாந்தி, அடுத்த வேளையும் வாந்தி என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், வாய்வழி மருந்து அந்தக் குழந்தைக்கு இப்போது சரிப்படவில்லை என்று அர்த்தம். ஒரு வேளை மறந்துபோனால் ஞாபகம் வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிவிட்டிருந்தால் விட்டதை விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

நேர இடைவெளிக்கும் காரணம் இருக்கிறது. அமாக்சிசிலின் ரத்தத்தில் ஒரு மணி நேரத்திலேயே ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். இந்த வகை மருந்துகள் கிருமியைக் கொல்வது ஒரே தடவை உச்சத்துக்குப் போவதால் அல்ல, தேவையான அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் விஷயம். காலை 10 மணிக்கு ஒன்று, மத்தியானம் 2 மணிக்கு ஒன்று, சாயந்திரம் 7 மணிக்கு ஒன்று என்று மூன்று வேளையையும் பகலிலேயே முடித்துவிட்டால், இரவு முழுக்கக் கிருமிக்கு விடுமுறை. எட்டு மணி நேரம் என்பதைக் கடிகாரம் பார்த்துப் பிடிக்க முடியாவிட்டாலும், எழுந்ததும், நடுப்பகலில், தூங்கப் போகும்போது என்று பரப்பிக்கொண்டால் நெருங்கி வந்துவிடும், நன்றாகத் தூங்கும் குழந்தையை எழுப்பத் தேவை பெரும்பாலும் வராது. அசித்ரோமைசின் இதற்கு நேர்மாறு. திசுக்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, நாள்கணக்கில் மெதுவாக வெளியேறும், அதனால்தான் ஒரு நாளைக்கு ஒரே வேளை, சில நோய்களுக்கு மூன்றே நாள். அந்த வசதிக்காகவே அது தேவையில்லாத இடத்திலும் எழுதப்படுகிறது, கேட்டு வாங்கவும் படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று கூடைகளாகப் பிரித்தபோது அமாக்சிசிலினை முதலில் கையில் எடுக்க வேண்டிய கூடையில் வைத்தது, அசித்ரோமைசினையும் செஃபிக்சிமையும் கவனமாகத் தொட வேண்டிய இரண்டாவது கூடையில். நம் ஊர்ச் சீட்டுகளைப் பார்த்தால் அது தலைகீழோ என்று தோன்றும்.

சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கேள்விக்கு மருந்துக்கு மருந்து பதில் மாறும். கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த சிரப்பைச் சாப்பிடத் தொடங்கும்போது கொடுத்தால் நன்றாக உறிஞ்சப்படும், வயிற்றுத் தொந்தரவும் குறையும். செஃபுராக்சிம் சிரப்பைச் சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். தனி அமாக்சிசிலினுக்கு எப்போதானாலும் சரி. சிப்ரோஃப்ளாக்சசின் எழுதப்பட்டிருந்தால் பால், தயிர், கால்சியம், இரும்புச் சத்து டானிக் இவற்றோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது, வயிற்றிலேயே அவற்றோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்துக்குச் சரியாகப் போகாது.

ஃப்ரிட்ஜ் விஷயமும் இப்படித்தான், எல்லா மருந்துக்கும் ஒரே விதி கிடையாது. கிளாவுலானிக் அமிலம் ஈரத்தையும் சூட்டையும் தாங்காது, கலக்கியதும் ஃப்ரிட்ஜில் (ஃப்ரீசரில் இல்லை) வைத்து 7 நாளைக்குள் தீர்க்க வேண்டும். கிளாரித்ரோமைசினை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது, கெட்டியாகிக் கசப்பும் ஏறிவிடும். லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும், கடைக்காரரிடம் கேட்டாலும் சொல்வார். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் அதைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மாத்திரை, கடையில் கிட் டேப் என்று கேட்டால் தெரியும், அமாக்சிசிலினில் கிடைக்கிறது. ஒரு ஸ்பூன் தண்ணீரில் அல்லது தாய்ப்பாலில் ஒரு மாத்திரை, வேளைக்கு வேளை கரைத்துக்கொள்ளலாம், குலுக்கவும் வேண்டாம், கோடும் பார்க்க வேண்டாம். குழந்தைகளின் நிமோனியாவுக்கு உலக சுகாதார நிறுவனமே இந்த வகை மாத்திரையைத்தான் பரிந்துரைக்கிறது.

இனி எத்தனை நாள் என்பது. இங்கே தவறு நடப்பது பெரும்பாலும் பாட்டிலின் அளவால். நம் ஊரில் இந்தத் தூள் மருந்து (டிரை சிரப்) அதிகம் கிடைப்பது 30 மில்லி பாட்டிலில். 5 மில்லி, இரண்டு வேளை, 5 நாள் என்றால் 50 மில்லி வேண்டும். மூன்றாம் நாள் இரவோடு பாட்டில் காலி, அதற்குள் காய்ச்சலும் விட்டிருக்கும், "மருந்து முடிஞ்சிருச்சு, புள்ளையும் நல்லாயிட்டான்" என்று விட்டுவிடுவார்கள். பாட்டில் முடிவது வேறு, கோர்ஸ் முடிவது வேறு. மொத்தம் எத்தனை மில்லி என்று கடையிலேயே கணக்குப் போட்டு இரண்டு பாட்டிலும் ஒரே வீரியத்தில் வாங்கிவிட வேண்டும், இரண்டாவதை முதல் பாட்டில் தீர்ந்த பிறகே கலக்க வேண்டும். மூன்று நாள் கழித்து வேறு கடையில் இரண்டாவது பாட்டில் வாங்கினால், மேலே சொன்ன 228.5, 457 கூத்து மறுபடி முதலிலிருந்து.

கோர்ஸ் நீளமாக இருந்தால்தான் நல்லது என்பதும் இப்போது தளர்ந்து வருகிறது. சாதாரண நிமோனியாவுக்கு 10 நாள் கொடுப்பதும் 5 நாள் கொடுப்பதும் குழந்தைகளில் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன என்று கனடாவில் நடந்த ஆய்வு 2021-இல் காட்டியது, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த இன்னொன்று 3 நாளையும் 7 நாளையும் ஒப்பிட்டு அதே முடிவுக்கு வந்தது. ஆனால் ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண்ணுக்கு அமாக்சிசிலின் இன்றும் 10 நாள்தான், தொண்டை வலி இரண்டு நாளில் போய்விட்டாலும். அங்கே குறி தொண்டை வலி மட்டுமல்ல, பின்னால் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்காமல் தடுப்பதும் சேர்த்து. இரண்டு வயதுக்குள் வரும் நடுக்காது சீழுக்கும் 5 நாள் போதவில்லை என்று தெரிந்திருக்கிறது. எனவே பக்கத்து வீட்டுக் குழந்தையின் நாள் கணக்கு நம் குழந்தைக்குப் பொருந்தாது. குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பது நியாயமான கேள்வி, நாமாக நிறுத்துவது வேறு.

பக்கவிளைவுகளில் வயிற்றால் போவதுதான் முதலில் வரும், கிளாவுலானிக் அமிலத்தோடு அதிகம். குழந்தை சுறுசுறுப்பாக, தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தால் மருந்தை நிறுத்த வேண்டாம், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துச் சமாளிக்கலாம். மலத்தில் ரத்தம் என்றால் உடனே காட்ட வேண்டும். தடிப்பு வந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். அமாக்சிசிலின் கொடுத்த சில நாள் கழித்து உடம்பில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வருவது குழந்தைகளிடம் சகஜம், அதில் பெரும்பகுதி வைரஸால் வருவது. ஆனால் கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பரபரவென்று திட்டுத்திட்டாகத் தடித்து அரிப்பு, உதடோ கண்ணோ வீக்கம், மூச்சில் இரைச்சல், திடீரென்று துவண்டுபோவது என்றால் அது அவசரம், அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வாயிலும் கண்ணிலும் புண், தோல் கொப்பளித்து உரிவது என்றாலும் அப்படித்தான். எந்தத் தடிப்பானாலும் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள், மறுநாள் டாக்டர் பார்க்கும்போது அது மறைந்திருக்கும். எந்த மருந்து, எத்தனையாவது வேளை, எவ்வளவு நேரத்தில், எப்படி வந்தது என்பதைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதிவிடலாம். "பென்சிலின் சேராது" (அமாக்சிசிலினும் அந்த வகைதான்) என்று வெறுமனே சொல்லப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சோதித்துப் பார்த்தால் சேரத்தான் செய்கிறது, அந்த ஒரு வார்த்தைக்காக ஆயுள் முழுக்க வீரியம் கூடிய வேறு மருந்துகளை வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

மருந்து தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்தில் ஏதாவது முன்னேற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மறுபடி காட்ட வேண்டும், நாமாக அளவைக் கூட்டக் கூடாது. அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்: பால் குடிக்காமல் போவது, எல்லாவற்றையும் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினால் எழாமல் கிடப்பது, மூச்சு இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்குவது. குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40, அதைத் தொட்டாலே வேகம்தான். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்த சிரப்பையும் வீட்டில் ஆரம்பிக்காமல் நேராக ஆஸ்பத்திரி.

இவ்வளவும் பாக்டீரியா தொற்று என்று டாக்டர் சொன்ன பிறகுதான். ஜலதோஷம், பெரும்பாலான இருமல், தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்கு எல்லாம் பெரும்பாலும் வைரஸ், மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியது என்பதற்காக அது பாக்டீரியா ஆகிவிடாது. வயிற்றால் போகும் குழந்தைக்கு இரண்டு ஆன்டிபயாடிக் கலந்த ஆரஞ்சு நிற சிரப்பை வாங்கி ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம், அங்கே வேலை செய்வது ஓஆர்எஸ் கரைசலும் துத்தநாகமும்தான்.

மீந்துபோன மருந்தை என்ன செய்வது? 70 மில்லி தேவைக்கு மூன்று பாட்டில் வாங்கினால் 20 மில்லி மீந்துவிடும். அடுத்த மாதம் அதே மாதிரி காய்ச்சல் வரும்போது ஃப்ரிட்ஜ் கதவில் அது கண்ணில் படும், கை தானாகப் போகும். அதற்குள் மருந்து பாதி செத்திருக்கும், குழந்தையின் எடை மாறியிருக்கும், நோயும் வேறாக இருக்கும். செஃபிக்சிம் போன்றவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2014 மார்ச் முதல் விதி இருக்கிறது, நம் ஃப்ரிட்ஜுக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. கோர்ஸ் முடிந்த அன்றே மீதியைப் பழைய டீத்தூளிலோ மண்ணிலோ ஊற்றிப் பிசைந்து, ஒரு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம், அங்கே இருக்கும் கிருமிகளும் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.